வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்து ஸ்பார்க்ளிங் ஒயின்

பிரான்ஸின் டெத்தாஞ்சே ஷாம்பெயின் நிறுவனம் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில், சில்ஹாம் ஊருக்கு அருகே டொமைன் எவ்ரமாண்ட் என்ற தோட்டத்தை அமைத்து, 2025இல் அதன் முதல் ஒயினை விற்பனைக்கு விட்டது. அதையொட்டி வந்த கேள்விகளில் சில.

நிலம் வாங்கியது 2015, பாட்டில் கடைக்கு வந்தது 2025. பெரிய நிறுவனத்தின் நிதானமா, வேலையே அவ்வளவு இழுக்குமா? (குரோய்டன் வாசகர்)

வேலையே இழுக்கும். ஒட்டுச்செடிகளை நாற்றங்காலில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கேட்டவுடன் கிடைக்காது. சுண்ணாம்பு மண் என்றால் கொடியை ஒட்டும் வேர்ச்செடியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 41பி, ஃபெர்கால் போன்றவை சுண்ணாம்பைத் தாங்கும். தாங்காத வேர்ச்செடியில் இரும்புச்சத்து ஏறாமல் இலை வெளுத்துவிடும். எவ்ரமாண்டில் நடவு தொடங்கியது 2017இல். கொடி உருப்படியாகக் காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். அவர்களுடைய முதல் வெளியீட்டுக்கு அடிப்படை 2020 அறுவடை. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் பறித்த பழம் குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் ஒயினாகும். குமிழி இல்லாத இந்த அடிப்படை ஒயின் அடுத்த ஆண்டுதான் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலுக்குள் போகும். அங்கே நடக்கும் இரண்டாம் நொதித்தலில்தான் குமிழி பிறக்கும். அதன் பிறகு ஒயின் அடியில் படிந்த ஈஸ்ட் கசட்டோடு கிடக்கிறதே, அந்தக் காலம்தான் சுவையைத் தீர்மானிக்கிறது.

சட்டப்படி இங்கிலாந்தில் கசட்டோடு ஒன்பது மாதம் இருந்தால் போதும். ஷாம்பெயினில் சாதாரண வகைக்கே மொத்தம் பதினைந்து மாதம். ஒன்பது மாதத்தில் திறந்த இங்கிலாந்து ஒயினைக் குடித்தால் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும்தான் நாக்கில் நிற்கும். குளிர்ப் பிரதேசத்துப் பழச்சாற்றில் புளிப்பு லிட்டருக்கு 12 கிராமைத் தொடுவதும் உண்டு. அது அடங்க இரண்டு, மூன்று வருஷமாவது வேண்டும். புதிய தயாரிப்பாளர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். கையில் பணம் தீர்ந்துவிடும், வங்கி நெருக்கும், விடலையாக இருக்கும் ஒயினை ஊருக்குக் காட்டிவிடுவார்கள். முதல் பாட்டிலில் கெட்டுப்போன பெயரை மீட்பது லேசில்லை. வெஸ்ட் சசெக்ஸின் நைட்டிம்பர் 1988இல் நட்டு, 1992 அறுவடையில் முதல் ஒயின் செய்து, அதையும் சில வருஷம் கிடத்திவைத்துத்தான் வெளியே விட்டது.

இரண்டாம் நொதித்தலின்போது பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே, ஏன்? (டொராண்டோ வாசகர்)

சர்க்கரைக் கணக்கு பிசகினால் வெடிக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆறு வளிமண்டலம் வேண்டுமென்றால் 24 கிராம், அதாவது 750 மில்லி பாட்டிலுக்கு 18 கிராம். தொட்டியில் இருக்கும் ஒயினில் ஏற்கெனவே 3, 4 கிராம் சர்க்கரை மிச்சமிருந்து, அதை அளக்காமல் மேலே 24 போட்டால் ஏழு வளிமண்டலத்துக்குப் போய்விடும். கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருந்தால் தாங்காது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் அடுக்கியவையும் போகும். ஆகவே பாட்டிலில் அடைப்பதற்கு முன் மிச்சச் சர்க்கரையை ஆய்வகத்தில் அளந்து, கழித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லை, நொதித்தல் பாதியில் நின்றுபோவது. அடிப்படை ஒயினில் ஆல்கஹால் 10, 10.5 சதவீதம் இருந்தால் நல்லது. இரண்டாம் நொதித்தல் இன்னும் 1.2, 1.3 சதவீதத்தைக் கூட்டும். 11.5ஐத் தாண்டிய ஒயினில் ஈஸ்ட் திணறும். கந்தக டை ஆக்சைடு கூடுதலாக இருந்தாலும், நிலவறை ரொம்பக் குளிர்ந்தாலும் அதே கதி. ஈஸ்ட்டை நேரே கொட்டக் கூடாது. கொஞ்சம் ஒயின், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர் என்று சில நாள் பழக்கி, நுரைத்துக்கொண்டிருக்கும்போதே சேர்க்க வேண்டும். பிறகு சோடா மூடி போட்டு அடைத்து, 10 முதல் 12 டிகிரியில் கிடையாகப் படுக்கவைத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் குமிழி பிறந்துவிடும்.

கசட்டை வெளியேற்றும்போது இன்னொரு சிக்கல். கசடு கழுத்துக்கு இறங்கும்படி பாட்டிலைத் தலைகீழாக வைத்துக் குளிர்வித்து, கழுத்தை மட்டும் மைனஸ் 25 டிகிரி அளவிலான உப்புக் கரைசலில் நிறுத்துவார்கள். கசடு பனிக்கட்டிக்குள் சிக்கியதும் மூடியைத் திறந்தால் அந்தக் கட்டி மட்டும் தெறிக்க வேண்டும். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தாலோ, உள்ளே டார்ட்டரேட் படிகம் (ஒயினின் புளிப்பிலிருந்து படியும் உப்பு) இருந்தாலோ ஒயினே பொங்கி வழிந்துவிடும். படிகத்தின் ஒவ்வொரு முனையும் குமிழி கிளம்ப இடம் கொடுக்கிறது. பாட்டிலில் அடைப்பதற்கு முன்பே அடிப்படை ஒயினை மைனஸ் 4 டிகிரி வரை இறக்கி ஒரு வாரம் வைத்துப் படிகத்தை வடித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

கடைசியாகச் சேர்க்கும் இனிப்பு: லிட்டருக்கு 600 கிராம் சர்க்கரை கொண்ட கரைசலில் 10 மில்லி விட்டால் பாட்டிலுக்கு 6 கிராம், அதாவது லிட்டருக்கு 8 கிராம். ப்ரூட் என்னும் இனிப்புக் குறைந்த வகைக்கு 12க்குள் இருக்க வேண்டும். சர்க்கரையே சேர்க்காமல் விடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. புளிப்பு தூக்கலாக நிற்கும் ஒயினில் அது வீம்பு.

ஷாம்பெயின் என்றே லேபிளில் போடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

கூடாது. திராட்சையும் செய்முறையும் ஒன்றாக இருந்தாலும், அந்தப் பெயர் பிரான்ஸின் அந்தப் பகுதிக்கு மட்டுமே உரியது. லேபிளில் 'பிரிட்டிஷ் ஒயின்' என்று இருந்தால் உஷார். அது இறக்குமதி செய்த சாற்றுச் செறிவில் செய்ததாக இருக்கலாம். 'இங்கிலிஷ்' என்று இருந்தால்தான் அந்த மண்ணில் விளைந்த பழம்.

கெண்டின் மெய்ட்ஸ்டோன் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. நாமே ஒரு பெயரில் தொடங்கலாமா?

முதலில் நிலம் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். தெற்குச் சரிவு, கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள் என்றால் நம்பலாம். சரிவின் அடிவாரம் வேண்டாம். குளிர்காற்று கனமானது, கீழே இறங்கித் தேங்கும். சரிவின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலிச்செடி இருந்தால் அணைபோலத் தடுத்துவிடும், அதில் வழி வெட்டிவிடுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை உறைபனி அபாயம். துளிர்விட்ட மொட்டு மைனஸ் 2 டிகிரியில் கருகும். 2017 ஏப்ரல் கடைசியில் தென் இங்கிலாந்துத் தோட்டங்கள் பலவும் அப்படித்தான் அடிபட்டன. ஹெக்டேருக்கு முந்நூறுக்குக் குறையாமல் பெரிய மெழுகு வாளிகளை வைத்து விடியவிடிய எரிப்பார்கள். செலவு கொஞ்சநஞ்சமில்லை. கவாத்தைத் தள்ளிப்போட்டால் துளிர் சில நாள் தாமதமாகும், அதற்குக் காசு வேண்டாம். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் கோடை முழுக்க மருந்தடிப்பு உண்டு.

2.2 மீட்டர் வரிசை, 1.2 மீட்டர் செடி இடைவெளியில் உங்கள் நிலத்தில் சுமார் 3,000 கொடி கொள்ளும். நல்ல ஆண்டில் நான்கு டன் கிடைத்தது என்று வையுங்கள். ஷாம்பெயின் அளவுப்படி நான்கு டன்னுக்கு 2,550 லிட்டர் சாறு. கழிவு போக 3,300 பாட்டில் வரலாம். இந்த அளவுக்குச் சொந்தமாக ஆலை கட்டுவது வீண். கூலிக்குச் செய்துதரும் ஒயின் ஆலைகள் இருக்கின்றன. அவர்களுடைய பிழிபொறிக்குக் குறைந்தபட்சம் எத்தனை டன் வேண்டும் என்பதை நடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

0.1 ஹெக்டேர் எட்டிய எந்தத் திராட்சைத் தோட்டத்தையும் பிரிட்டனின் உணவுத் தர நிறுவனத்தின் ஒயின் பிரிவில் பதிய வேண்டும். மது வரி, வரி நிறுத்திவைக்கப்பட்ட கிடங்கிலிருந்து பாட்டில் வெளியேறும்போதுதான் விழும். ஆகவே சரக்கு முழுவதையும் ஒரே நாளில் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவராதீர்கள். சிறு உற்பத்தியாளருக்கான வரிச்சலுகை ஆல்கஹால் 8.5 சதவீதத்துக்குக் குறைந்த பானங்களுக்கு மட்டும். 12 சதவீத ஒயினுக்கு அது கிடையாது, திட்டக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பரிமாறும்போது பாதி நுரையாகப் போகிறது. (ஹாரோ வாசகர்)

பாட்டில் குளிரவில்லை. ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் வையுங்கள், 8 டிகிரிக்கு வந்துவிடும். கம்பிக் கூண்டை ஆறு அரைச்சுற்றில் தளர்த்தி, தக்கையைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். தக்கையைத் திருகாதீர்கள். கிளாஸைச் சாய்த்து, முதலில் இரண்டு விரல்கடை ஊற்றி, நுரை அடங்கியதும் மீதியை ஊற்றுங்கள்.