மழைக்காலத்தில் வீட்டில் மாறி மாறிக் காய்ச்சல் வருகிறதே, எப்படித் தடுப்பது?

மழையில் நனைவதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். தேங்கும் நீரையும் அசுத்தமான குடிநீரையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்லை. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்துபோனாலும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும் என்பதால் வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். இது பகலில் கடிக்கும் கொசு. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

குடிநீர் தளதளவெனக் கொதித்த பிறகும் 1 நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். ஆறியதும் மூடி வையுங்கள், கைபட மொள்ளாதீர்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள்.

காய்ச்சலில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவை அவை கூட்டும். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியடைந்துவிடாதீர்கள். அடுத்த 1, 2 நாட்களே ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுமீறிய சோர்வு என எது தெரிந்தாலும் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.