லாகின் பண்ணா கப்பல காணோம், காச திருப்பிக் கேக்கலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க, ஈரோட்டுல இருந்து எழுதறேன். ஈவ் ஆன்லைன்னு ஒரு விண்வெளி கேம், கொஞ்ச நாளா ஆடிட்டு இருக்கேன். போன மாசம் கார்டுல ப்ளெக்ஸ் (கம்பெனி நெசக் காசுக்கு விக்கற டோக்கன்) வாங்கி அத கேம் மார்க்கெட்ல வித்து, வந்த இஸ்க்ல, அதாவது கேம் காசுல, ஒரு கிலா கப்பல் வாங்கி நல்ல மாட்யூலா (கப்பல்ல மாட்டற ஆயுதம், கருவி) பாத்து மாட்டி வச்சிருந்தேன், எல்லாம் சேத்து நாலாயிரத்துச் சொச்சம் ரூவா ஆச்சுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி லோ-செக்ல, அதாவது பாதுகாப்பு கம்மியான ஏரியாவுல, ஒரு சைட்ல பைரேட் என்பிசிங்கள (கம்ப்யூட்டர் ஓட்டற எதிரிங்கள) அடிச்சிட்டு இருக்கறப்ப கரண்ட் போயிருச்சு, மோடமும் சேந்து அணைஞ்சிருச்சு. கரண்ட் வந்து லாகின் பண்ணா நான் பாட்டுக்கு ஒரு ஸ்டேஷனுக்குள்ள நிக்கறேன், கிலாவ காணோம், கேரக்டர் தலைல போட்டிருந்த இம்ப்ளாண்ட்டும் காலி. நான் ஆன்லைன்லயே இல்லாதப்ப கப்பல் எப்படிங்ணா போகும்? ரீஃபண்ட் கேக்கலாமா, இல்ல பேங்க்ல சொல்லி அந்த பேமெண்ட்ட ரிவர்ஸ் பண்ணிரட்டுமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த பேங்க் யோசனைய விடுங்க. நீங்க காசு குடுத்தது ப்ளெக்ஸுக்கு, ப்ளெக்ஸ் உங்க அக்கவுண்ட்டுக்கு ஒழுங்கா வந்துச்சு, அத நீங்களே வித்தும் முடிச்சாச்சு. இப்ப போயி அந்த பேமெண்ட்ட தகராறு பண்ணா பேங்க் கேக்கற முதல் கேள்வி ‘வாங்குன பொருள் வந்துச்சா இல்லையா’ங்கறது தான், அதுக்கு உங்ககிட்ட உண்மையான பதில் ஒண்ணு தான் இருக்கு. அதுக்கும் மேல, சார்ஜ்பேக் போட்டா பெரும்பாலான ஆன்லைன் கேம்ல அக்கவுண்ட்டயே பூட்டிருவாங்க, ஒரு கிலாவுக்காக மிச்சம் இருக்கற ஸ்கில்லு, கப்பலு எல்லாத்தையும் சேத்து எழக்க வேணாம்.

இப்ப கப்பல் எங்க போச்சுன்னு பாப்போம். ஸ்க்ரீன் அணைஞ்சா கப்பலும் மறைஞ்சிரும்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, ஈவ்ல அப்படி கிடையாது. சண்டை ஒண்ணும் இல்லாம நெட் கட் ஆச்சுன்னா கப்பல் தானாவே பத்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி வார்ப் ஆகி, அதாவது ஒரே பாய்ச்சலா பாஞ்சு, ஒரு நிமிஷத்துல மறைஞ்சிரும், ஆனா என்பிசியோட சண்டை போட்ட டைமர் ஓடிட்டு இருந்தா 5 நிமிஷம், வேற ப்ளேயரோட சண்டைன்னா 15 நிமிஷம் கப்பல் மறையாம விண்வெளிலயே நிக்கும், ஓட்ட ஆள் இல்லாம. வார்ப் ஸ்க்ராம்ப்ளர்னு வார்ப்ப தடுக்கற கருவிய போட்டு பிடிச்சிருந்தாங்கன்னா அந்த எமர்ஜென்சி வார்ப்பும் நடக்காது. தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் கேபிள புடுங்கிட்டு தப்பிக்கறவனுக்காக வச்ச ரூல் இது, கரண்ட் போனவனுக்கும் அதே தான், ஏன்னா சர்வருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

உங்க லெட்டர்ல முக்கியமான துப்பு ஒண்ணு இருக்கு, நீங்களே கவனிக்கல போல. கப்பல் மட்டும் வெடிச்சிருந்தா நீங்க பாட்ல, அதாவது அந்த முட்ட மாதிரி கேப்ஸ்யூல்ல, வெளியதான் மிதந்துட்டு இருந்திருப்பீங்க. ஸ்டேஷனுக்குள்ள முழிச்சீங்க, இம்ப்ளாண்ட்டும் போச்சுன்னா பாட்டையும் சுட்டுருக்காங்க, புது க்ளோன்ல, அதாவது நகல் உடம்புல, எந்திரிச்சிருக்கீங்க. சாதாரண பைரேட் என்பிசிங்க பாட்ட சுடறது இல்ல. அப்போ வேலைய முடிச்சது மனுசங்க தான். லோ-செக்ல கிலா மாதிரி விலையான கப்பல தேடி ப்ரோப் (இடத்த கண்டுபிடிக்கற கருவி) போட்டுட்டு திரியறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, அசையாம நிக்கற கிலா கிடைச்சா விடுவாங்களா.

ஊகம் எதுக்கு, நீங்களே பாத்துக்கலாம். கேரக்டர் ஷீட்ல இன்ட்டராக்ஷன்ஸ் போயி காம்பேட் லாக்ல லாஸ் லிஸ்ட்ட திறங்க, கிலாவோட கில் ரிப்போர்ட் இருக்கும், யார் யார் அடிச்சாங்க, என்ன ஆயுதம், எத்தன மணிக்குன்னு எல்லாம் போட்டிருக்கும். நேரம் மட்டும் ஜாக்கிரதை, கேமோட கடிகாரம் யுடிசி (உலகப் பொது நேரம்), நம்ம நேரத்துல அஞ்சரை மணி நேரம் கழிச்சுக்கணும். உங்க வீட்ல 9:40க்கு கரண்ட் போச்சுன்னு வச்சுக்கங்க, அங்க 16:10. ரிப்போர்ட்ல 16:12, 16:14ன்னு இருந்தா கதை அவ்வளவு தான், ரூல் படி நடந்திருக்கு. 16:40ன்னு இருந்துச்சுன்னா அது வேற விஷயம், சாதாரணமா அந்நேரம் வரைக்கும் கப்பல் அங்க இருந்திருக்கக் கூடாது, தாராளமா கம்பெனி சப்போர்ட்டுக்கு டிக்கெட் (புகார்) போடுங்க, கரண்ட் போன நேரம், கப்பல் இருந்த நட்சத்திர சிஸ்டத்தோட பேரு, கில் ரிப்போர்ட் மூணையும் வச்சு நாலு வரில எழுதுங்க, திட்டி எழுதுனா அத படிக்கறவருக்கு உதவி பண்ணத் தோணாது.

ஈடு எப்ப குடுப்பாங்கன்னா தப்பு சர்வர் பக்கம்னு அவங்க லாக்ல பதிவாகி இருந்தா தான். நம்ம வீட்டு நெட்டு, கரண்ட்டு, கம்ப்யூட்டர் ஹேங் ஆனதெல்லாம் கணக்குல வராது. பெரிய ஃப்ளீட் சண்டைல சர்வர் திணறி லேக்னால போன கப்பலும் வராது. 2021 ஜனவரில எம்2-எக்ஸ்எஃப்இ சிஸ்டத்துல நடந்த சண்டைய கேள்விப்பட்டிருப்பீங்க, கேம்லயே பெரிய கப்பலான டைட்டன் டைட்டனா ஜம்ப் பண்ணி வந்தாங்க, சர்வர் தாங்கல, பலபேரு ஸ்க்ரீன்ல எதுவும் லோட் ஆகறதுக்குள்ளயே கப்பல எழந்தாங்க. ஒவ்வொரு டைட்டனும் எத்தன மாச உழைப்புன்னு ஆடறவங்களுக்கு தெரியும். அத வச்சு பாத்தா உங்க கிலா, கோவிச்சுக்காதீங்க, சில்லறை.

இனி சட்டம். பொருட்காட்சில ரூவாய குடுத்து டோக்கன் வாங்கற மாதிரி தான் ப்ளெக்ஸ், டோக்கன் கைக்கு வந்ததோட உங்க வியாபாரம் முடிஞ்சது, அத வச்சு உள்ள என்ன பண்ணீங்கங்கறது ஆட்டத்தோட கணக்கு. ஒப்பந்தத்துலயும் கேமுக்குள்ள இருக்கறது எல்லாம் கம்பெனிக்கு சொந்தம், உங்களுக்கு இருக்கறது பயன்படுத்தற அனுமதி மட்டும்னு தான் இருக்கும், யாரும் படிக்கறதில்ல. அதுக்காக நமக்கு உரிமையே இல்லன்னு அர்த்தம் இல்ல. காசு எடுத்துட்டு ப்ளெக்ஸே வரலன்னா, ஒரே பேமெண்ட் ரெண்டு தடவ கட் ஆனா, அது சுத்தமான நுகர்வோர் புகார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல டிஜிட்டல் பொருளும் அடக்கம், 2020 இ-காமர்ஸ் விதி படி புகார் கிடைச்சத 48 மணி நேரத்துல ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், இந்தியாவுல கடை இல்லாம இங்க தொடர்ந்து விக்கறவங்களுக்கும் அது பொருந்தும். அப்ப 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு ஃபோன் போடலாம். ஆள் சுட்டு கப்பல் போனதுக்கு போட்டா அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு விளக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்.

ஒண்ணு கிடைச்சிருக்கும், கேமுக்குள்ள இருக்கற வாலட்ட பாருங்க. இன்சூரன்ஸ் எடுக்காத கப்பலுக்கும் அடிப்படை மதிப்புல 40 சதவீதம் தானா வரும். பிளாட்டினம் எடுத்திருந்தா 100, ஆனா 12 வாரத்துல காலாவதி ஆயிரும், நிறைய பேர் புதுப்பிக்க மறந்துருவாங்க. கிலா மாதிரி ஃபாக்ஷன் கப்பலுக்கு (ஸ்பெஷல் ரகம்) அந்த மதிப்பே மார்க்கெட் விலைக்கு பக்கத்துல வராது, மாட்யூலுக்கும் இம்ப்ளாண்ட்டுக்கும் சுத்தமா கிடையாது.

இத படிக்கற வேற யாருக்காவது கப்பல் போயி, லாஸ் லிஸ்ட்ல ஒண்ணுமே இல்லன்னா அப்ப தான் உண்மையா பயப்படணும். ப்ளேயருங்க கட்டுன ஸ்ட்ரக்சருக்குள்ள நிறுத்தியிருந்து அத யாராவது வெடிச்சிருந்தா பொருளெல்லாம் அசெட் சேஃப்டிங்கற பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு போயிருக்கும், 20 நாள்ல தானா ஒரு லோ-செக் ஸ்டேஷனுக்கு வரும், மதிப்புல 15 சதவீதம் கட்டி எடுத்துக்கலாம். வார்ம்ஹோல் ஏரியாவுல அந்த வசதி கிடையாது. எரிபொருள் போடாம 7 நாள் கிடந்து கைவிடப்பட்ட ஸ்ட்ரக்சருக்கும் கிடையாது, வெடிச்சா உள்ள இருக்கறது அத்தனையும் வெளிய கொட்டும், சுட்டவன் அள்ளிட்டு போவான், அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த இடத்துல எரிபொருள் ஓடுதான்னு பாருங்க. அதுவும் இல்லன்னா வாலட் ட்ரான்சாக்ஷன், காண்ட்ராக்ட் ரெண்டையும் பாருங்க, பாஸ்வேர்ட் தெரிஞ்ச எவனோ உள்ள வந்து வித்திருக்கலாம், அப்ப பாஸ்வேர்ட மாத்தி டூ ஃபேக்டர போட்டுட்டு அன்னைக்கே டிக்கெட். வெளி சைட்ல மலிவா இஸ்க் வாங்கியிருந்தா மட்டும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, அது ரூலுக்கு விரோதம், பிடிச்சா கம்பெனியே பறிச்சிக்கும்.

தம்பி, அடுத்த கிலா வாங்கற காசுல கொஞ்சம் எடுத்து ரவுட்டருக்குன்னே வர்ற மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கிப் போடுங்க. கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்னா அதுக்கும் தனியா வேணும்.

கேள்வி: அண்ணே, நான் சிங்கப்பூர். ஸ்டார் சிட்டிசன்ங்கற விண்வெளி கேம்ல அவங்க வெப்சைட்ல காசு குடுத்து ஒரு கப்பல் வாங்குனேன், கேமுக்குள்ள சம்பாதிச்ச காசுல இன்னொண்ணு. பெரிய பேட்ச் வந்தப்பறம் லாகின் பண்ணா ரெண்டும் இல்ல. ரெண்டுக்கும் ரீஃபண்ட் கிடைக்குமா?

பதில்: இங்க நிலைமை வேற, கப்பலையே நெசக் காசுக்கு விக்கறாங்க. வெப்சைட்ல உங்க அக்கவுண்ட்டுக்குள்ள மை ஹேங்கர பாருங்க, காசு குடுத்தது அங்க இருந்தா அது எங்கயும் போகல, கேமுக்குள்ள டெர்மினல்ல க்ளெய்ம் போட்டா கொஞ்ச நேரத்துல வந்துரும். உள்ளயே சம்பாதிச்சு வாங்குனதுக்கு அந்த உத்தரவாதம் இல்ல, 2012ல மக்கள்கிட்ட காசு திரட்டி ஆரம்பிச்ச கேம், இன்னும் ஆல்ஃபாவுல தான் இருக்கு, பெரிய அப்டேட் வர்றப்ப துடைச்சிருவாங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க. ரீஃபண்ட் காசா வேணும்னா வாங்கி 30 நாளுக்குள்ள கேக்கணும். தாண்டிருச்சுன்னா கப்பல உருக்கி ஸ்டோர் க்ரெடிட்டா மாத்திக்கலாம், அந்த க்ரெடிட்ல அவங்க கடைலயே தான் வேற எதாவது வாங்க முடியும், பேங்க்குக்கு வராது. மை ஹேங்கர்லயே கப்பல் இல்லன்னா ஈமெயில்ல வந்த ரசீத எடுத்து வச்சுட்டு உடனே சப்போர்ட்டுக்கு எழுதுங்க.