கப்பல் அல்ல, தொங்கான்

கேள்வி: 1978-79 வாக்கில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் படித்த ஒரு சரித்திர நாவலைத் தேடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கதை, பர்மாவில் நடக்கும். மூன்று பாகம். சாண்டில்யன் எழுதியது என்று நினைவு. நடுக்கடலில் கப்பல் புயலில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் சந்தையில் வெட்டிய மனிதத் தலைகளை மேஜைமேல் வைத்திருப்பார்கள். டச்சுக்காரர்களும் எங்கேயோ வருவார்கள். கடைசியில் வட்டிக்கடை முதலாளி தன் மகளைக் கதாநாயகனுக்குக் கொடுக்க மறுத்துவிடுவார். பத்து வருஷமாகத் தேடுகிறேன். எழுதியவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை, தலைப்பைச் சொன்னால் போதும். இந்த மாதிரி கதைகளை இப்போது ஏன் யாரும் எழுதுவதில்லை?

- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தலைப்பு ஒன்றல்ல, இரண்டு. ‘புயலிலே ஒரு தோணி’, ‘கடலுக்கு அப்பால்’. எழுதியவர் ப. சிங்காரம். யாராக இருந்தாலும் பரவாயில்லை என்கிறீர்கள். எனக்கு அப்படி விட்டுவிட மனமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் அடித்துச் சொன்னவை மூன்று: பர்மா, மூன்று பாகம், சாண்டில்யன். மூன்றும் தவறு. ‘எங்கேயோ வருவார்கள்’ என்று போகிற போக்கில் எழுதிய டச்சுக்காரர்தான் வழி காட்டினார். பர்மாவை ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள், அதாவது இங்கிலீஷ்காரர்கள். மலேயாவும் அவர்கள் கையில்தான் இருந்தது. தமிழர்கள் கடை வைத்துப் பிழைத்த ஊரில் டச்சுக்காரனும் இருந்தான், ஜப்பான்காரனும் வந்தான் என்றால் அது இந்தோனேசியாதான். அதிலும் சுமத்ரா தீவின் மெடான் நகரம். அங்கே செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்தன. சுற்றியிருந்த டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் இருந்தார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்த ஊருக்குள் நுழைகிற காட்சியோடுதான் ‘புயலிலே ஒரு தோணி’ தொடங்குகிறது. பத்து வருஷமும் பர்மாக் கதைகளாகவே தேடியிருப்பீர்கள். கிடைக்காததில் வியப்பில்லை.

சாண்டில்யன் எப்படி உள்ளே வந்தார் என்பதும் ஊகிக்க முடிகிறது. அவருடைய ‘கடல்புறா’ மூன்று பாகம். கடல், கப்பல், ஸ்ரீவிஜயம் என்று அதுவும் சுமத்ராவைச் சுற்றி வருகிற கதை. நம் தலைமுறையில் ‘கடல்புறா’ படிக்காத நூலக உறுப்பினர் யார்? அந்தப் பெரிய கப்பல் மனதில் நின்றுவிட்டது. சிங்காரத்தின் தோணியையும் அதிலேயே ஏற்றிவிட்டீர்கள். ஆனால் ‘கடல்புறா’ சோழர் காலத்துக் கதை. சந்தை மேஜையில் தலைகளை வைத்தவர்கள் ஜப்பானியர்கள். கொள்ளையடித்தவர்களுக்குத் தந்த தண்டனை அது. அதை எழுதியவர் 1938-இல் தம் பதினெட்டாவது வயதில் மெடானுக்கு வேலைக்குப் போன சிங்கம்புணரிக்காரர். போர்க்காலத்தை அந்த மண்ணிலேயே கழித்தவர்.

இன்னொரு திருத்தம். புயலில் சிக்குவது கப்பல் அல்ல, தொங்கான். சரக்கு ஏற்றிப் போகும் மரக்கலத்துக்கு அந்தக் கடற்கரைகளில் வழங்கிய பெயர் அது. சுமத்ராவிலிருந்து பினாங்குக்கு வியாபாரத்துக்குப் போகும் தமிழர்கள் அதில் இருக்கிறார்கள், நாயகன் பாண்டியனும் இருக்கிறான். மலாக்கா நீரிணையின் நடுவில் புயல் பிடிக்கிறது. கடலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட உரைநடையில் அந்த அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் வேறொன்று இல்லை. ‘தொங்கான்’ என்ற சொல் மட்டும் உங்கள் நினைவில் தங்கியிருந்தால் நூலகர் யாராவது அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். பழைய புத்தகத்தைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதையை விடுங்கள், கதை யாருக்கும் சரியாக நினைவிருக்காது. காதில் விழுந்த புதிய சொல், ஒரு தெருவின் பெயர், பணத்தின் பெயர், இவற்றில் எது மிச்சமிருந்தாலும் எழுதி அனுப்புங்கள்.

வட்டிக்கடை முதலாளி இருப்பது ‘கடலுக்கு அப்பால்’ நாவலில். அது பினாங்குக் கதை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பி வந்த செல்லையா, முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் கடைக்கு ஆகமாட்டான் என்பது முதலாளியின் கணக்கு. பாண்டியனும் நேதாஜியின் படையில் சேர்கிறவன்தான். இரண்டு கதைக்கும் ஒரே போர், ஒரே கடல், மாணிக்கம் என்ற நண்பன் இரண்டிலும் வருகிறான். அடுத்தடுத்துப் படித்த உங்கள் மனம் அவற்றை ஒரே வரிசையாக்கியதில் பிழையில்லை. பின்னாளில் பதிப்பாளர்களே இரண்டையும் ஒரே நூலாகச் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள்.

இனி எழுதியவருக்கு வருகிறேன். ‘புயலிலே ஒரு தோணி’யைச் சிங்காரம் எழுதி முடித்தது 1962-இல். அச்சில் வந்தது 1972-இல். பத்து வருஷம் அந்தக் கைப்பிரதி காத்துக் கிடந்தது. முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் வெளிவந்திருந்தது, கலைமகள் பரிசும் பெற்றிருந்தது. அப்படியும் இந்த நிலை. மூன்றாவது நாவலை அவர் எழுதவே இல்லை. போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டு மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்து நாற்பது வருஷம் வேலை பார்த்தார். மனைவியையும் பிள்ளையையும் பிரசவத்தில் இந்தோனேசியாவிலேயே இழந்தவர், மறுமணம் செய்துகொள்ளவில்லை. மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒற்றை அறையில் வாழ்ந்தார். 1997 டிசம்பரில் இறந்தார். நீங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த நாளில் அவர் மதுரையில்தான் இருந்தார். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

‘இப்போது ஏன் யாரும் எழுதுவதில்லை’ என்று கேட்கிறீர்கள். எழுதினவரை என்ன செய்தோம் என்பதை முதலில் கேட்க வேண்டாமா? உலகப் போரை உள்ளே இருந்து பார்த்து, டச்சும் மலாயும் சீனமும் தமிழும் மோதுகிற ஒரு மொழியில், பாண்டியனின் சொந்த ஊரான சின்னமங்கலத்துச் சந்தையையும் மெடான் தெருவையும் ஒரே மூச்சில் எழுதியவர் அவர். படித்தவர்களே பெயரை மறந்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருவர் பெயரைப் போடுகிறோம். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. கிளை நூலகங்களில் அட்டையைக் கழற்றிவிட்டுக் காலிகோ பைண்டு போட்டுவிடுவார்கள், முதல் பக்கங்களும் சீக்கிரம் போய்விடும். நானும் இந்த நாவலைப் பெயர் இல்லாத பிரதியில்தான் முதலில் படித்தேன். படித்து முடித்த கையோடு நூலகரிடம் போய் யார் எழுதியது என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்டி அவர் சொன்ன பெயரைக் கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாவல்களும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. வாங்கிப் படியுங்கள். ‘புயலிலே ஒரு தோணி’யை முதலில் எடுங்கள். தலைகள் வைத்த மேஜை புயலுக்குப் பிறகு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது மெடானில், தொங்கான் புறப்படுவதற்கு முன்பே வருகிறது.