சென்னையிலிருந்து டெல்லிக்குக் குடிமாறும்போது, வழியில் நண்பர் வீடுகளில் தங்கி ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் போக முடியுமா?

வேலை மாற்றத்தால் டெல்லிக்குக் குடிபோகிறீர்கள், சாமான் லாரியில் வருகிறது. காரில் போனால் விஜயவாடா, ஹைதராபாத், நாக்பூர் நண்பர்களையும் பார்த்துவிட்டுப் போகலாமா, இல்லை விமானமே மேலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏழு நாள் ஒதுக்க முடிந்தால் காரில் போங்கள். 2,200 கிலோமீட்டரை மூன்றே நாளில் ஓட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஓட்டலாம். ஆனால் அப்படிப் போனால் ராத்திரி பத்து மணிக்கு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டி, காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு ஓட்டல் அறையே போதும். விமானத்தில் செலவு குறையும் என்பவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை. கேள்வி செலவைப் பற்றியது இல்லை.

பார்ட் லோடில், அதாவது பிறர் சாமானோடு ஒரே லாரியில், போட்ட சாமான் எப்படியும் ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். நடுவில் ஒரு கிடங்கில் இறக்கி, வேறு லாரியில் ஏற்றுவார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வெறும் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நாள் கணக்கு இது. முதல் நாள் நெல்லூர் வழியாக விஜயவாடா, 450 கிலோமீட்டர். இரண்டாம் நாள் ஹைதராபாத், 275. அங்கே இரண்டு ராத்திரி. துணி துவைக்கவும் முதுகு ஆறவும் அந்த ஒரு நாள் வேண்டும். நான்காம் நாள் நாக்பூர், 500. ஐந்தாம் நாள் சாகர், ஏறக்குறைய 400. நாக்பூரிலிருந்து ஒரே மூச்சில் ஜான்சி வரை போகத் தோன்றும். சிவனி, நர்சிங்பூர் பக்கம் காடும் மேடும் கலந்த பாதை, அதற்காக இருட்டிலேயே கிளம்ப வேண்டாம். ஆறாம் நாள் ஜான்சி, குவாலியர் வழியாக ஆக்ரா. ஏழாம் நாள் மதியத்துக்குள் டெல்லி.

நண்பர்களிடம் "வர்றோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த வேளைச் சாப்பாடு வீட்டில், காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று ஒரே செய்தியில் அனுப்புங்கள். ஒரு வேளை அவர்கள் வீட்டில், ஒரு வேளை அவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியில் என்று முன்கூட்டியே பேசிவிட்டால் அந்த வீட்டு அம்மாவுக்குப் பாதி வேலை மிச்சம். விருந்தாளி வந்தால் மூன்று வேளையும் அவர்தான் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்காமலே முடிவு செய்துகொள்கிறோம். அது சரியில்லை. அடுக்குமாடி என்றால் விருந்தினர் பார்க்கிங் உண்டா என்றும் கேளுங்கள். சாமான் நிறைந்த காரைத் தெருவில் விடக்கூடாது.

கையில் என்ன கொண்டுபோவது என்று யோசிக்கவே வேண்டாம். எண்ணெய், ஊறுகாய் மாதிரி ஒழுகும் பொருளை லாரிக்காரர்கள் ஏற்றமாட்டார்கள். காலி செய்யும் வீட்டில் மிஞ்சிய இட்லி அரிசி, பிரிக்காத நல்லெண்ணெய், வத்தல், அப்பளம் எல்லாம் நாக்பூர்த் தமிழ் வீட்டுக்குப் பொக்கிஷம். ஊறுகாய் பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாள் போட்டு, அதன்மேல் மூடியைத் திருகி, நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் இறங்கினால், கடைசி இரண்டு நாள் இனிப்பு வாங்க டிக்கியில் இடம் கிடைக்கும்.

பாரம் ஏற்றிய காருக்குக் காற்று வேறு அளவு. ஓட்டுநர் கதவுப் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுப் பாரத்துக்கான எண்ணைப் பாருங்கள். பின் சக்கரத்துக்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கைத் தாழ்த்தும் திருகு பல கார்களில் ஸ்டியரிங் அருகே இருக்கும்.

இனி சாப்பாடு. காலை ஐந்துக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு நெல்லூரில் நெய் காரம் தோசை. நெல்லூர் மீன் புளுசு (புளிக்குழம்பு) மதியத்துக்கானது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். விஜயவாடாவில் மறுநாள் காலை உப்புமா வைத்த பெசரட்டு. முழுப் பச்சைப்பயற்றை ஊறவைத்து அரைத்து, புளிக்கவிடாமல் ஊற்றுவது, இஞ்சிப் பச்சடியோடு வரும். வீட்டில் உலவச்சாறு செய்து தருவார்கள் என்றால் விடாதீர்கள். கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் கெட்டியாகக் குறுக்கி, மேலே பாலாடை போட்டுச் சோற்றோடு பிசைவது. ஹைதராபாத்தில் பிரியாணியை மதியமே முடித்துவிட்டு, மாலைக்கு இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஹலீம் வேண்டுமானால் ரம்ஜான் மாதமாக இருக்க வேண்டும்.

நாக்பூரில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். அந்த ஊர்ச் சாவ்ஜி மட்டன் குழம்பு எண்ணெயும் காரமும் மிகுந்தது. வறுத்து அரைத்த மசாலாவில் கசகசா, கல்பாசி எல்லாம் போகும். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் 400 கிலோமீட்டர் ஓட்டினால் வண்டி பாதி வழியில் நின்று நின்று போகும். நாலாம் நாள் மூன்று மணிக்குள் நாக்பூர் சேர்ந்துவிட்டால் அப்போதே சாப்பிடுங்கள். காலையில் தர்ரி போஹா: ஆவியில் வெந்த மஞ்சள் அவல், மேலே ஒரு கரண்டி கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு (அதுதான் தர்ரி), அதன் சிவப்பு எண்ணெய் அவலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்குத் "தர்ரி கம்மி" என்று கேட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.

சாகரில் சாரைப்பருப்பு பர்பி. குவாலியர் தாண்டி மொரேனாவில் எள்ளும் வெல்லமும் அடித்துச் செய்த கஜக், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குளிர்காலத்தில் வாங்கினால்தான் மொறுமொறுப்பு நிற்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். டெல்லியில் சாமான் இறக்கியதும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே "எல்லாம் நல்லபடி வந்தது" என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். போட்டுவிட்டால், வழியில் உடைந்த மிக்ஸிக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். "பெட்டிகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை" என்று எழுதி, எண்ணிக்கையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். இத்தனை பேர் ஏமாந்தும் இது இன்னும் வழக்கமாகவே நடப்பது எரிச்சலாக இருக்கிறது.

ஆக்ராவில் காலை பெடைப் பூரியும் ஜிலேபியும். பத்து மணிக்குள் போய்விடுங்கள். வெண்பூசணியில் செய்யும் பேத்தாவில் உலர்ந்த வகையை வாங்குங்கள், பாகில் ஊறும் அங்கூரி வகை டப்பா ஓரத்தில் கசிந்து இருக்கையெல்லாம் ஒட்டும். அங்கிருந்து யமுனா விரைவுச்சாலையில் போனால் சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் செல்லாது, கணக்கில் தனியாகப் பணம் வேண்டும். மதுரா பேடாவும் (பால் இனிப்பு) வேண்டும் என்றால் மதுரா வழியாகப் போகும் பழைய நெடுஞ்சாலை. டிசம்பர், ஜனவரி என்றால் எந்தச் சாலையானாலும் மூடுபனி விலகிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.