இடது ஓரத்தில் யார்?

கேள்வி: 2021 மே 8, மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் கடைசி நிமிடத்தில் கோல் அடித்து செல்சியை ஜெயிக்க வைத்தவர் மார்க்கோஸ் அலோன்சோ. மூன்றே வாரம் கழித்து அதே சிட்டியுடன் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். செல்சி பயிற்சியாளர் டூகெல் அலோன்சோவை உட்கார வைத்துவிட்டு பென் சில்வெல்லை இறக்கினார். ஜெயித்துவிட்டதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. கோல் கணக்கு, ஃப்ரீகிக், உயரம், எதை எடுத்தாலும் இடது விங் பேக் (ஓரம் முழுக்க ஏறி இறங்கி ஆடுகிறவர்) இடத்துக்கு அலோன்சோதானே மேல்? இது அநியாயம் இல்லையா? நீங்களாக இருந்தால் யாரை எடுப்பீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்.
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: மழுப்பவில்லை. சில்வெல்.

இதோடு நிறுத்தினால் அடுத்த வாரம் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதுவீர்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் உங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

அலோன்சோ கோல் அடிக்கத் தெரிந்தவர். 2016-17 இங்கிலாந்து லீகில் 6 கோல், அடுத்த சீசனில் 7. அவருக்குக் கொடுத்த வேலை இடது ஓரத்தில் டிஃபென்ஸ் என்பதை மறக்காமல் இந்த எண்களைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் வெம்பிளியில் டாட்டன்ஹாமுக்கு எதிராக இரண்டு கோல், அதில் ஒன்று இடது காலால் சுருட்டி அனுப்பிய ஃப்ரீகிக். 2018-ல் இங்கிலாந்தின் வீரர்களே ஓட்டுப் போட்டு அந்த ஆண்டின் சிறந்த லீக் அணியில் இடது பேக் இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். சரி.

ஆனால் அதே 2018-ல் ஸ்பெயின் அவரை உலகக் கோப்பைக்கு அழைத்துப் போகவில்லை. ஏன்? ஸ்பெயின் நாலு டிஃபெண்டர்களை வைத்து ஆடும் அணி. அங்கே இடது பேக்குக்கு முதல் வேலை காவல். அலோன்சோவின் முழுக் கதையும் இந்த ஒரு முரணில் இருக்கிறது: பின்னால் நடுவில் மூன்று டிஃபெண்டர்கள் நின்றால் அவர் ராஜா, இரண்டே பேர் நின்றால் அவர் பக்கம் வாசல் திறந்து கிடக்கும்.

அவர் விங் பேக் ஆன கதையையே பாருங்களேன். 2016 செப்டம்பரில் ஆர்சனல் மைதானத்தில் இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டு செல்சி தலை குனிந்து நிற்கிறது. இரண்டாம் பாதியில் அப்போதைய பயிற்சியாளர் கோன்டே ஃபாப்ரிகாஸை எடுத்துவிட்டு அலோன்சோவை இறக்கி, பின்னால் மூன்று பேர் என்று அமைப்பையே மாற்றுகிறார். அந்த ஆட்டம் 0-3 என்றே முடிந்தது, ஆனால் அதற்கப்புறம் லீகில் வரிசையாக 13 வெற்றி, சீசன் முடிவில் கோப்பை. அலோன்சோவுக்குப் பின்னால் டிஃபெண்டர் கேஹில், உள்ளே மிட்ஃபீல்டில் கான்டேயும் மாட்டிச்சும். மேலே ஏறிப்போன அலோன்சோ மெதுவாகத் திரும்பி வந்தாலும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

இனி மறுபக்கம். 2020 செப்டம்பர், வெஸ்ட் பிராம் ஆட்டம். அப்போது செல்சி பயிற்சியாளராக இருந்த லாம்பார்ட் நாலு பேர் அமைப்பில் அலோன்சோவை இடது பேக்காக இறக்கினார். அவர் தலையால் தட்டிய பந்து எதிராளியிடம் போனது, அதிலிருந்து முதல் கோல். இடைவேளைக்குள் மூன்று. அலோன்சோவை வெளியே எடுத்தார்கள். ஆட்டம் 3-3 என்று எப்படியோ முடிந்தது. அதற்குப் பிறகு லாம்பார்ட் இருந்த வரை அலோன்சோ ஆடவே இல்லை. ஜனவரிக் கடைசியில் டூகெல் வந்தார், மறுபடி பின்னால் மூன்று பேர் வந்தார்கள், பர்ன்லிக்கு எதிராக அலோன்சோ இறங்கினார், கோலும் அடித்தார். அதே ஆள், அதே கால், அதே வேகம்தான். நாலு மாதத்தில் அவர் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

உங்கள் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. விங் பேக்கைத் தனியாக நிறுத்தி எடை போட முடியாது. வண்டியில் இடப்பக்கம் பூட்ட மாடு வாங்கப் போகிறவர் வலப்பக்கத்து மாட்டின் நடையைப் பார்க்காமல் விலை பேசுவாரா? பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது இடது விங் பேக் எதிராளியின் பெனால்டி பெட்டிக்குள் ஓடி மூன்றாவது ஃபார்வர்டாக நிற்க வேண்டும். பந்து பறிபோன கணத்தில் திரும்பி ஓடி ஐந்தாவது டிஃபெண்டராக நிற்க வேண்டும். ஒரு கோல் கோட்டிலிருந்து இன்னொன்று வரை ஏறக்குறைய 105 மீட்டர், அந்த ஓரம் முழுக்க ஒரே ஆளின் சொத்து, ஒரே ஆளின் கடன். இதில் போகும் பாதையில் அலோன்சோவை மிஞ்ச ஆளில்லை, தூரக் கம்பத்தில் எங்கிருந்தோ முளைப்பார். வரும் பாதையில்தான் தகராறு.

நீங்கள் சொல்லும் அந்த மே 8 கோலையே எடுத்துக்கொள்வோம். 92-வது நிமிடம். வெர்னர் வலப்பக்கம் உள்ளே புகுந்து பந்தைக் குறுக்கே தள்ளுகிறார். பெட்டி நடுவே யார் நிற்கிறார்? ஸ்டிரைக்கர் நிற்க வேண்டிய இடத்தில் அலோன்சோ. காலில் பந்து சரியாகப் படவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று, மெதுவாக வளைந்து சிட்டி கோல்கீப்பர் எடர்சனின் தலைக்கு மேலே போய் விழுந்தது. அழகான கோல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருப்பதே ஒரு கலை. சில்வெல் அங்கே இருந்திருப்பாரா என்றால், சந்தேகம்தான்.

அந்த மே 8 அணிப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மூன்று நாளுக்கு முன்புதான் செல்சி ரியல் மாட்ரிடுடன் அரை இறுதி ஆடியிருந்தது. அந்த இரண்டு அரை இறுதி ஆட்டங்களிலும் இடது ஓரத்தில் ஓடியவர் சில்வெல். அவருக்கு ஓய்வு கொடுத்த நாளில்தான் அலோன்சோ சிட்டியை எதிர்கொண்டார். டூகெலின் மனதில் வரிசை முன்பே இருந்தது, நீங்கள் அதைக் கோலுக்குப் பிறகு பார்த்ததால் துரோகம் மாதிரித் தெரிகிறது.

அப்படியானால் பெரிய ஆட்டத்துக்கு அலோன்சோ லாயக்கில்லை என்று டூகெல் நினைத்தாரா? அதுவும் இல்லை. பிப்ரவரியில் புக்கரெஸ்டில் நடந்த அத்லெட்டிகோ மாட்ரிட் ஆட்டத்தில் இடப்பக்கம் அலோன்சோ, வலப்பக்கம் ஹட்சன்-ஓடோய். ஓடோய் பிறவியிலேயே விங்கர். அத்லெட்டிகோ பயிற்சியாளர் சிமியோனே ஆறு பேரைப் பின்னால் வரிசையாக நிறுத்தி முற்றுகைக்குத் தயாராகிவிட்டார், அப்படி ஓர் ஆட்டத்தில் திரும்பி ஓட வேண்டிய தேவையே குறைவு, இரண்டு ஓரத்திலும் தாக்குகிறவர்கள் இருக்கலாம். ஜிரூ அந்தரத்தில் படுத்தபடி அடித்த கோலில் செல்சி ஜெயித்தது. இதுதான் அலோன்சோவின் களம்: எதிராளி வெளியே வராத ஆட்டம்.

போர்ட்டோவில் இறுதி ஆட்டம் நடந்த மே 29 அப்படிப்பட்ட நாள் அல்ல. பந்தை வைத்து ஆடப்போவது சிட்டி. சில்வெல் பக்கம் சிட்டியின் விங்கர் மாரெஸ், அவருக்குப் பின்னாலிருந்து டிஃபெண்டர் வாக்கர், அந்த வேகத்துக்கு எதிரே அலோன்சோவை நிறுத்தினால் செல்சியின் இடப்பக்க டிஃபெண்டர் ரூடிகர் தொண்ணூறு நிமிடமும் இரண்டு ஆள் வேலை பார்க்க வேண்டும். வலப்பக்க விங் பேக் ரீஸ் ஜேம்ஸ் சிட்டியின் ஸ்டெர்லிங்கை மடக்கிப் போட்டார் என்று எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதினேன், இடப்பக்கத்து வேலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, அது என் பிழை.

சில்வெல் காவல் மட்டும்தான் காத்தார் என்றும் நினைக்க வேண்டாம். 42-வது நிமிடக் கோலை ஹைலைட்ஸில் பார்க்கிறவர்களுக்கு மவுன்டின் பாஸும் ஹாவெர்ட்ஸின் ஓட்டமும்தான் தெரியும். அதற்கு இரண்டு விநாடி முன்னால் போங்கள். கோல்கீப்பர் மென்டி பந்தைத் தூக்கி இடது ஓரத்துக்கு அனுப்புகிறார். அங்கே எல்லைக்கோட்டை ஒட்டி சில்வெல். நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, ஒரே தொடுதலில் உள்ளே மவுன்டுக்கு. சிட்டியின் மிட்ஃபீல்ட் மொத்தமும் அந்த ஒரு தொடுதலில் தாண்டப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயரே கிடையாது. கோலும் இல்லை, அசிஸ்டும் இல்லை.

கோலே வேண்டும் என்பவர்களுக்கு: அந்த ஆண்டு அக்டோபரில் சவுத்தாம்டன், பிரென்ட்ஃபோர்ட், நார்விச் என்று வரிசையாக மூன்று லீக் ஆட்டங்களில் சில்வெல் கோல் அடித்தார். சீசன் தொடக்கத்தில் அவருக்கு இடமே இல்லை, யூரோவில் இங்கிலாந்துக்காக ஒரு நிமிடம்கூட ஆடாமல் திரும்பி வந்து பெஞ்சில் காத்திருந்தவர். இப்போது சொல்லுங்கள், அப்போது அநியாயம் யாருக்கு?

நவம்பர் 23 யுவென்டஸ் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் போயிற்று. டிசம்பர் கடைசியில் ரீஸ் ஜேம்ஸுக்குத் தொடை. லீகில் முதலிடத்தில் இருந்த அணி மூன்றாவதாக முடித்தது. காரணம் இன்னும் நாலு சொல்லலாம், ஆனால் இரண்டு ஓரமும் ஒரே நேரத்தில் போனதை ஒதுக்கிவிட்டு அந்த சீசனைப் பேச முடியாது. மீதி ஆட்டங்களில் அலோன்சோ ஓடினார். கோலும் அடித்தார், மூச்சும் வாங்கினார்.

எனவே என் அணியில் சில்வெல் தொடங்குவார். எழுபது நிமிடம் ஆகியும் கோல் விழவில்லை, எதிராளி பின்வாங்கி நிற்கிறார் என்றால் அலோன்சோவைக் கூப்பிடுவேன், அப்போது உங்களைவிட நான் சத்தமாகக் கைதட்டுவேன்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. அலோன்சோவின் தாத்தா மார்க்கிடோஸ், ரியல் மாட்ரிடுக்காக ஐரோப்பியக் கோப்பையை ஐந்து முறை வென்றவர். பேரனுக்குக் கிடைத்தது ஒன்று. இறுதி ஆட்டத்தில் டூகெல் மூன்று மாற்றங்கள் செய்தார், மூன்றிலும் அவர் பெயர் இல்லை.