மெழுகு பூசிய காடியும் நாலு மணி மழையும்

காடிக் கொட்டகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழைக் கடிதங்கள். அக்டோபர், நவம்பர் என்றால் இப்படித்தான். காலையில் வெயில் கொளுத்தும், மதியச் சோறு இறங்குவதற்குள் வானம் கறுக்கும், நாலு மணிக்குக் கொட்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், காடி, அதாவது கார், கழுவும் என் கொட்டகையில் அந்த நேரம் ஈ ஓட்டுவதுதான் வேலை. பதில் எழுத வசதியாகப் போயிற்று. முதல் கடிதம் இதோ.

தீபாவளிக்காக என் கறுப்பு மைவி காடிக்கு மூன்று மணி நேரம் செலவழித்து மெழுகு பூசினேன். அன்று சாயங்காலமே மழை. தண்ணீர் முத்து முத்தாக நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் பத்து மணிக்குப் பார்த்தால் பானட் (முன்மூடி) முழுக்க வெள்ளை வட்டங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மெழுகையே கண்ணில் காட்டாதவர், அவர் வண்டியில் ஒரு வட்டம் இல்லை. நான் வாங்கியது போலி மெழுகா? (வாசகர், தைப்பிங்)

தைப்பிங்கில் இருந்துகொண்டு மழையைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள்! ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் பெய்யும் ஊர். இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று அங்கே பந்தயம் கட்டுவார்கள் என்று அப்பா சொல்லுவார்.

மெழுகு போலியில்லை. தண்ணீர் முத்தாக நின்றதே அதற்குச் சாட்சி. வினையும் அங்கேதான்.

பக்கத்து வீட்டு வண்டியில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி பரவி, மெல்லிய படலமாகக் காய்ந்தது. அழுக்கு எங்கும் ஒரே சீராகப் படிந்ததால் வண்டி கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் ஒவ்வொரு துளியும் திரண்டு ஓரிடத்தில் நின்றது. காற்றிலிருந்த தூசி, புகைக்கரி, பானட்டில் ஏற்கெனவே கிடந்த பொடி எல்லாம் அதற்குள் சேர்ந்தன. காலை வெயிலில் துளி சுண்டச் சுண்ட, உள்ளே இருந்ததெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி வளையமாக ஒட்டிக்கொண்டது. கோப்பிக் கடை மேசையில் சிந்திய கோப்பி காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்து நிற்குமே, அந்தச் சங்கதிதான்.

மழைத்தண்ணீரில் உப்புச் சத்து மிகக் குறைவு. நெடுநாள் காய்ந்து, புகைமூட்டம் கிடந்து, அப்புறம் பெய்யும் முதல் மழைதான் அழுக்கை அள்ளிக்கொண்டு வரும். அதைவிட மோசம் தூறல். கொட்டுகிற மழை தூசியைத் தானே அடித்துக்கொண்டு போகும். தூறலோ அதை நனைத்து வைத்துவிட்டுப் போய்விடும். தூறி முடிந்து வெயில் வந்தால் நான் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

கார்னோபா என்று டின்னில் எழுதியிருக்கிறதே, அது பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. எண்ணெய்க்காகத் தோட்டங்களில் வளர்க்கும் நம் செம்பனைக்குத் தூரத்துச் சொந்தம். வறண்ட மண்ணில் தன் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் ஓலைமேல் பூசிக்கொள்வது. காடியில் அதற்கு உள்ள வேலை, தண்ணீரையும் அழுக்கையும் சாயத்தோடு இறுகவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்துவைப்பது. அந்த நேரத்துக்குள் போய்த் துடைப்பது நம் வேலை. இரவில் மழை பெய்தால் காலையில் வெயில் பானட்டில் ஏறும் முன் சுத்தமான தண்ணீரை ஒருமுறை மேலிருந்து ஓடவிட்டு, மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்து எடுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. மெழுகு இருப்பதால்தான் பத்து நிமிடத்தில் முடிகிறது.

சரி, வந்துவிட்ட வட்டத்துக்கு என்ன செய்வது? முதலில் காடி ஷாம்பு போட்டு நிழலில் கழுவுங்கள். புது வட்டங்களில் முக்கால்வாசி அதிலேயே போகும். போகாதவற்றுக்குக் கடையில் விற்கும் வெள்ளை வினிகர். நமக்குக் காடி என்றால் வண்டி. அகராதியில் பார்த்தால் காடி என்றால் புளித்த நீர், வினிகர். ஆக, காடிக்குக் காடி! பாதி வினிகர், பாதி பேட்டரித் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பேட்டரியில் ஊற்றும், காய்ச்சி வடித்த வாலைநீரைச் சொல்கிறேன், ஆசிட்டைத் தொட்டுவிடாதீர்கள். மெல்லிய துணியை அதில் நனைத்து வட்டத்தின்மேல் ஒரு நிமிடம் போட்டுவையுங்கள். காய விடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பானட் கையில் சுடாமல் இருக்கும்போதுதான் இதைச் செய்யலாம். அந்த இடத்தில் மெழுகும் பலமிழந்துபோகும், திரும்பப் பூச வேண்டும்.

அதற்கும் மசியாத வட்டம் என்றால் சாயத்தின் மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிட்டது என்று அர்த்தம். இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஒரு கறுப்பு வீரா காடி இருந்தது. அப்போது ஒரு பட்டறையில் காடிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன், தொழில் தெரிந்தவன் என்ற திமிர் வேறு. பானட்டில் நாலைந்து வட்டம் போகவில்லை என்று பாலிஷ் மெஷினை எடுத்தேன். தட்டையான இடத்தில் போயிற்று. பானட் விளிம்பில் இன்னும் ஒன்று இருந்தது. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று அழுத்தினேன். திடீரென்று துணியில் கறுப்புச் சாயம். மேல் பூச்சு போய்விட்டது. அந்தப் பூச்சின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. விளிம்பில் அதுவும் இருக்காது. ஒரு வட்டத்தை எடுக்கப் போய் பானட் முழுவதற்கும் திரும்பச் சாயம் அடித்தேன். "ஊரார் காடிக்கெல்லாம் சாயம் அடிக்கிறவர் காடியைப் பாருங்கள்" என்று வீட்டில் ஒரு வாரம் சிரிப்பு. ஆகவே அரித்த வட்டத்தை, அதுவும் விளிம்பில் இருப்பதை, மெஷின் பழகியவரிடம் கொடுங்கள். இல்லையா, அப்படியே விட்டுவிடுங்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. செம்மண் பாதையில் தினமும் போய்வருகிறேன், முன்னால் செம்பனைக் குலை லோரி போனால் வண்டி சிவந்துவிடும். மழை நனைத்ததும் என் கணவர் பழைய கைலியால் துடைத்துவிடுகிறார். "ஈரத்தோடு துடைத்தால் கீறாது" என்கிறார். சரிதானா? (வாசகி, சுங்கை சிப்புட்)

டீச்சர், உங்கள் கணவர் என் கடைக்கு வந்துபோகிறவராகவும் இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன்: தவறு. செம்மண் பொடியில் மணல் இருக்கிறது. நாலு துளி மழை அதைச் சேறாக்கும், கரைக்காது. அதன்மேல் கைலியைத் தேய்ப்பதும் உப்புத்தாளைத் தேய்ப்பதும் ஒன்றுதான். வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கீழே இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள், கதவின் அடிப்பாகம் கடைசி. தண்ணீர் ஊற்ற நேரமில்லாத நாளில் துடைக்காமல் விடுவது மேல். சிவப்புக் காடியோடு பள்ளிக்குப் போனால் பிள்ளைகள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

லோரியிலிருந்து தெறிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீருக்குப் போகாது, ஷாம்பு வேண்டும். இன்னொன்று: எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கும் தோட்டமானால் அந்தப் பெட்டிப் பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள். பறவை எச்சம் மழை வட்டத்தைவிட வேகமாக அரிக்கும். அதை மட்டும் அன்றன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஆழ்குழாய் போட்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரில் கழுவினால் மழையில்லாமலே வட்டம் வருகிறதே? (வாசகர், கோப்பெங்)

தண்ணீர் கொதிக்கவைக்கும் உங்கள் கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல் குன்றுகள். அந்தக் கல்லுக்கிடையில் ஊறி வரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் வரும். துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு எங்கே போகும்?

கழுவுவதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் வேறு தண்ணீர். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, மேல் அழுக்கு அடங்கியபின் தெளிந்ததை எடுத்தால் போதும், அதில் சுண்ணாம்பு இருக்காது. ஒரு கதவைக் கழுவி முடித்ததும் அந்தக் கதவைத் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். வினிகர் வைத்தியம் உங்கள் வட்டத்துக்குத்தான் நன்றாகக் கேட்கும், சுண்ணாம்பு புளிப்புக்குக் கரையும்.

காடி நிறுத்தப் பழைய ஜிங்க் தகரக் கூரை இருக்கிறது. அங்கங்கே ஒழுகும். உறை போட்டு மூடிவிடலாமா? (வாசகர், பீடோர்)

ஒழுகும் கூரைக்குக் கீழே நிறுத்துவதைவிட வெட்டவெளி தேவலை. மழை எல்லா இடத்திலும் விழும், ஒழுகல் ஒரே இடத்தில் விழும். துருவையும் கரைத்துக்கொண்டு வரும். முதலில் கூரையின் ஓட்டையை அடையுங்கள். ஈரக் காடிமேல் உறை போட்டால் உள்ளே புழுங்கி ஈரம் அடைந்துகிடக்கும், தூசிக் காடிமேல் போட்டால் காற்றில் ஆடி ஆடித் தேய்க்கும். கழுவித் துடைத்த வண்டிக்கு மட்டும் உறை. தினமும் கழுவ யாருக்கு நேரம்?

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் என்ன? நன்றாக நுரைக்கிறதே. (வாசகி, தெலுக் இந்தான்)

நன்றாக நுரைக்கும், மெழுகும் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு போகும். பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசப்போகும் நாளில் போடுங்கள்.

செராமிக் பூச்சு அடித்தால் இனி வட்டமே வராது, கழுவவும் வேண்டாம் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். 1,500 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், குவாலா கங்சார்)

பூச்சு நல்லதுதான், பேச்சுதான் அதிகம். அது சாயத்தின்மேல் கண்ணாடி மாதிரி இறுகும், மெழுகு வாரக்கணக்கு என்றால் இது ஆண்டுக்கணக்கு. ஆனால் தண்ணீர் இதன்மேலும் முத்தாகத்தான் நிற்கும், முத்து காய்ந்தால் வட்டம்தான். துடைக்கிற கை இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் காடி நிறுத்த நல்ல கூரை போட முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

மெழுகு தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? (வாசகர், ஊர் எழுதவில்லை)

டின்னில் மூன்று மாதம் என்றிருக்கும். நம் வெயிலுக்கும் மழைக்கும் நான் அதை நம்புவதில்லை. கழுவிய பானட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். உருண்டு ஓடினால் இருக்கிறது. சோம்பேறி மாதிரி படுத்துக்கொண்டால் பூச வேண்டிய நாள் வந்துவிட்டது, அதையும் காலையிலேயே பூசி முடியுங்கள். நாலு மணிக்கு இதோ இங்கே கறுத்துக்கொண்டு வருகிறது, நான் குழாயைச் சுருட்டி வைக்க வேண்டும்.