தம்பிக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு மூன்று

வணக்கம் சகோதரி. நான்காம் ஆண்டு படிக்கும் மகளுக்கு வாய்ப்பாடு நன்றாக வருகிறது, பிரச்சனைக் கணக்கில்தான் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ‘அண்ணனிடம் தம்பியைப் போல் 3 மடங்கு, இருவரிடமும் சேர்த்து 48’ என்றால் 48-ஐ உடனே 3-ஆல் வகுத்துவிடுகிறாள். பாவம், அவளுக்கு வகுத்தல் தெரியும். கணக்கின் கதைதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் பக்கம் உடைக்கும் தேங்காய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு ஒரு கட்டம் வரையட்டும். அதன் கீழே அண்ணனுக்கு அதே அளவில் 3 கட்டம். மொத்தம் 4 என்று அவளே எண்ணிவிடுவாள். 48-ஐ அந்த 4-ஆல் வகுத்தால் ஒரு கட்டம் 12, அண்ணனிடம் 36. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களில் வந்த முறை இது. தேங்காயை வரைய ஆரம்பித்தால் நேரம் போய்விடும், வெறும் கட்டம் போதும்.

அப்புறம், முதல் வாரம் விடையே கேட்காதீர்கள். படத்தைப் பார்த்துக் கதையை மட்டும் திருப்பிச் சொல்லட்டும்.